வீட்டு உலைக்குக் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஓர் உலை வைத்துக் கத்தி, உளி, கொக்கி என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்க வருகிறவர்களும், புதிதாக உலை கட்டிவிட்டு போன் செய்கிறவர்களும் கேட்பதில் பெரும்பகுதி காற்றைப் பற்றித்தான். இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லைப் பற்றியோ சுத்தியலைப் பற்றியோ அவ்வளவு சந்தேகம் வருவதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிவைக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஓர் அடி அகலத்துக்கு மிகாத, கட்டைக் கரி போட்டு எரிக்கும் சின்ன உலைக்கு. எங்கள் பக்கம் சீமைக் கருவேலங்கரி எளிதாகக் கிடைப்பதால் என் அனுபவம் அதை வைத்துத்தான்.

1. கரி தானாவே எரியுதே, எதுக்குத் தனியா காற்று ஊதணும்?

தானாக எரியும் கரி மங்கிய சிவப்போடு நின்றுவிடும். அதில் கிழங்கு சுடலாம், இரும்பை வளைக்க முடியாது. உலையிலிருந்து சூடு எந்நேரமும் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அப்படிப் போவதைவிட வேகமாகச் சூடு உண்டாக வேண்டுமென்றால் கரி வேகமாக எரிய வேண்டும். அதற்குக் காற்றைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கரி முழுதாக எரியச் சுமார் 8,000 முதல் 9,000 லிட்டர் காற்று தேவை. சின்ன உலையில் மணிக்கு 2 கிலோ கரி போகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 300 லிட்டர் போதும். இந்த 300 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

2. மொட்டை மாடியில நல்லா காத்து அடிக்குது சார். அதுவே போதாதா?

இயற்கைக் காற்றை நம்பி இரும்பு உருக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். இலங்கையில் சமனலவெவப் பகுதியில், மேற்கு பார்த்த மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதும்படி உலைகளைக் கட்டியிருந்ததை அகழாய்வில் கண்டுபிடித்தார்கள். அவை 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. துருத்தி இல்லாமல் அந்தக் காற்றிலேயே தாதுவை உருக்கி எடுத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அது மாதக்கணக்கில் ஒரே திசையில் விடாமல் வீசும் காற்று. மாடிக் காற்று அப்படி இல்லை. உங்களுக்கு வேண்டிய நேரத்தில் நின்று, வேண்டாத நேரத்தில் பொறியைப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குக் கொண்டு போகும். காற்று அடிக்கும் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்தி மறையுங்கள். உலைக்கு வேண்டிய காற்றைக் குழாய் வழியாகக் கொடுங்கள்.

3. கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின ஃபேன் இருக்கு, அத வெச்சு ஊதலாமா?

பெரும்பாலும் சரிவராது. அதன் றெக்கை காற்றை நேராகத் தள்ளும். திறந்த இடத்தில் நிறையத் தள்ளுவது போலத் தெரியும். ஆனால் குழாய்க்குள் விட்டு, அதன் முனையில் ஆறு அங்குலக் கரியை அடுக்கினால் அந்தத் தடையை எதிர்த்துத் தள்ள அதற்கு வலு கிடையாது. றெக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று பின்பக்கமாகத் திரும்பி வரும். டேபிள் ஃபேனுக்கும் இதே கதைதான்.

உங்களுக்கு வேண்டியது நத்தைக்கூடு மாதிரி உடம்புள்ள ப்ளோயர். நடுவில் காற்றை இழுத்து, உள்ளே சக்கரத்தால் வீசி, ஓரத்து வாய் வழியாகத் தள்ளும் வகை. கரியின் தடையை அது தாங்கும். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ப்ளோயர்கள் அடுப்புக்கென்றே விற்கிறார்கள். கத்தி அடிக்கும் உலைக்கு அதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

4. ஹேர் டிரையர் வெச்சா போதும்னு சொல்றாங்களே?

போதும். குளிர்காற்று வரும் பட்டன் இருந்தால் அதில் வைத்து ஓட்டுங்கள். ஒரு சின்னக் கத்தியைக் காய்ச்ச அந்தக் காற்று தாராளம்.

பலர் செய்யும் தவறு, உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பிச்சுருளை வெட்டி எடுத்துவிடுவது. நிறைய டிரையர்களில் மோட்டார் குறைந்த வோல்ட்டேஜ் மோட்டார். அந்தச் சுருளின் ஒரு பகுதி வழியாகத்தான் அதற்கு மின்சாரம் குறைந்து போகிறது. சுருளை எடுத்துவிட்டு 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் மோட்டார் உடனே கருகிவிடும். உள்ளே கை வைக்காதீர்கள். இன்னொன்று, இது மணிக்கணக்கில் ஓடச் செய்த பொருள் இல்லை. அடிக்கடி நிறுத்தி ஓய்வு கொடுங்கள்.

5. தூசி ஊதுற ப்ளோயர் வாங்கி மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் கரியெல்லாம் பறந்து போகுது. என்ன செய்யறது?

அந்த ப்ளோயரின் அட்டையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2.5 அல்லது 3 கன மீட்டர் என்று போட்டிருக்கும். அதாவது 2,500 முதல் 3,000 லிட்டர். நமக்குத் தேவை 300. கரியின் தடையில் கொஞ்சம் குறைந்தாலும் பல மடங்கு அதிகம்தான். காற்று பத்தவில்லை என்று என்னிடம் வந்தவர்களைவிட, காற்றை அடக்கத் தெரியாமல் இரும்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். காற்றைக் கொண்டு வரும் கருவியைத் தேடும் முன்பு அதைக் குறைக்கும் வழியைச் செய்து வைத்துவிடுங்கள்.

வழி இரண்டு. ஒன்று, குழாய்க்கு நடுவே தகரத்தால் ஒரு சறுக்குக் கதவு வைப்பது. உள்ளே தள்ளினால் காற்று குறையும், இழுத்தால் கூடும். இன்னொன்று, குழாயில் T எழுத்து வடிவில் மூன்று வாயுள்ள ஒரு டீ இணைப்பைப் போட்டு, அதன் பக்கவாயைத் திறந்து மூடும்படி வைப்பது. அதைத் திறந்தால் வேண்டாத காற்று வெளியே போய்விடும், உலைக்குப் போவது குறையும்.

கதவை மூடினால் மோட்டார் திணறும் என்று பலர் பயப்படுகிறார்கள். நத்தைக்கூடு ப்ளோயரில் நடப்பது நேர்மாறு. வேக்குவம் கிளீனர் குழாயை உள்ளங்கையால் அடைத்தால் சத்தம் கூர்மையாக ஏறும், கவனித்திருப்பீர்கள். தள்ளக் காற்று இல்லாததால் சுமை குறைந்து மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். ஆனால் ஊதும் காற்றாலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் மோட்டார்கள் உண்டு. தூசி ப்ளோயர், வேக்குவம் கிளீனர் மோட்டார் இரண்டும் பெரும்பாலும் அந்த வகை. அவற்றுக்குக் கதவை மூடினால் மோட்டார் அளவுக்கு மேல் சூடேறிவிடும். டீ இணைப்பு முறைதான் நல்லது.

6. ஃபேன் ரெகுலேட்டர் மாட்டி வேகத்தைக் குறைச்சுட்டா?

எந்த மோட்டார் என்பதைப் பொறுத்தது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டாராக இருந்தால் ரெகுலேட்டரால் வேகம் குறையும். ஆனால் சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் 100 வாட் அளவுக்குத்தான். 600 வாட் ப்ளோயரை அதில் மாட்டினால் ரெகுலேட்டர் புகைந்துவிடும். வாட்டுக்கு ஏற்றது வாங்க வேண்டும். பிரஷ் இல்லாத, கண்டென்சர் வைத்த மோட்டாரில் இந்த வேலை வேண்டாம். வேகம் சரியாகக் குறையாது, மோட்டார் சூடேறும். அதற்குச் சறுக்குக் கதவே போதும். 12 வோல்ட் ப்ளோயருக்கு அதற்கென்றே வேகக் கட்டுப்பாட்டுப் பலகை மலிவாகக் கிடைக்கிறது.

ரெகுலேட்டர் இருந்தாலும் முந்தைய பதிலில் சொன்ன கதவு அல்லது டீயையும் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மிகவும் குறைத்தால் சில மோட்டார்கள் நின்று நின்று ஓடும். நடு வேகத்தில் ஓடவிட்டு, மிச்சத்தைக் கதவால் சரிசெய்வது சுலபம்.

7. வீட்டுல பழைய ஜி.ஐ. பைப் கிடக்கு, அதையே போட்டுக்கலாமா? எத்தனை இஞ்ச் வேணும்?

நெருப்புக்குப் பக்கத்தில் ஜி.ஐ. பைப் கூடவே கூடாது. அதன் மேல்பூச்சு துத்தநாகம். 907 டிகிரியில் அது கொதித்து ஆவியாகும். நம் உலை அதையெல்லாம் தாண்டிப் போகும். வெள்ளைப் புகையாக வருவதைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும். பூச்சில்லாத, கனத்த கறுப்பு இரும்புக் குழாய் வாங்குங்கள். உலையிலிருந்து குறைந்தது இரண்டடிக்கு அதுதான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பி.வி.சி. போட்டாலும் பரவாயில்லை. 80 டிகிரியிலேயே பி.வி.சி. இளகத் தொடங்கும் என்பதால் பக்கத்தில் கொண்டு வராதீர்கள்.

ப்ளோயரிலிருந்து வரும் குழாய் ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் இருக்கட்டும். கரிக்குள் காற்று வந்து விழும் வாய் மட்டும் முக்கால் முதல் ஒரு அங்குலம். வளைவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

8. காற்று அடியிலிருந்து வரணுமா, பக்கத்திலிருந்தா?

கட்டைக் கரிக்குப் பக்கவாட்டில் வருவதுதான் எனக்குப் பிடித்தது. செங்கல்லும் களிமண்ணும் வைத்து ஒரு குழி. அடித்தளத்திலிருந்து மூன்று, நான்கு அங்குலம் உயரத்தில் பக்கச் சுவர் வழியாகக் குழாய். அவ்வளவுதான் உலை. சாம்பல் கீழே படிந்துவிடும், காற்று வாயை அடைக்காது. குழாயின் முனை நாளடைவில் கரைந்து தேயும், அப்போதெல்லாம் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்ளலாம். மண்ணில் உமியோ மணலோ கலந்து பூசினால் வெடிப்பு குறையும்.

லாரி பிரேக் டிரம்மில் உலை செய்கிறவர்களுக்கு அடியில் ஏற்கெனவே ஓட்டை இருப்பதால் கீழிருந்து காற்று கொடுப்பது எளிது. அப்படிச் செய்தால் டிரம்முக்குக் கீழே ஒரு டீ இணைப்பு வைத்து, ஒரு பக்கம் ப்ளோயர், கீழ்ப்பக்கம் சாம்பல் விழத் திறக்கும் மூடி என்று அமையுங்கள். மூடி இல்லாமல் கட்டினால் இரண்டாம் நாளே குழாய் நிறையச் சாம்பல்.

9. எங்க தோட்டத்துல கரண்ட் கிடையாது. கையால ஊதுற மாதிரி செய்ய முடியுமா?

நிச்சயமாக முடியும். மின்சாரம் வருவதற்கு முன்பு எல்லா உலையும் அப்படித்தானே எரிந்தது. ஆட்டுத்தோல் துருத்தி இரண்டை வைத்து, ஒன்று விரியும்போது மற்றது அமுங்கும்படி மாற்றி மாற்றி ஊதுவார்கள். ஒற்றைத் துருத்தி என்றால் விட்டுவிட்டுத்தான் காற்று வரும், இரண்டு இருந்தால் ஓயாமல் வரும்.

தோல் வேலை தெரியாதவர்களுக்கு நான் சொல்வது பெட்டித் துருத்தி. சீனாவிலும் ஜப்பானிலும் காலங்காலமாகப் புழங்குவது. ப்ளைவுட்டில் நீளமான பெட்டி, உள்ளே முன்னும் பின்னும் போகும் ஒரு பலகை. இரண்டு முனையிலும் உள்ளே மட்டும் திறக்கும் தோல் மூடி. தள்ளும்போதும் காற்று வரும், இழுக்கும்போதும் வரும். பலகையின் ஓரத்தில் காற்று கசியாதிருக்க ஜப்பானில் விலங்கு ரோமம் ஒட்டுவார்கள். பழைய கம்பளித் துணியே நமக்குப் போதும். பலகை 20 சென்டிமீட்டருக்கு 25, நகரும் தூரம் 40 என்று வைத்தால் ஒரு தள்ளலுக்கு 20 லிட்டர். நிமிடத்துக்கு 15 தடவை அசைத்தால் முதல் பதிலில் சொன்ன 300 லிட்டர் வந்துவிட்டது. மெதுவாக, அவசரமில்லாமல் அசைக்கும் வேகம்தான் அது. இரும்பு காய்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காற்றைக் கையால் கூட்டிக் குறைக்கும்போது உலை எப்படி வேலை செய்கிறது என்பது நன்றாகப் பிடிபடும். தொடங்குகிறவர்கள் ஒரு மாதமாவது கையால் ஊதிப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

சாலையோரம் கூடாரம் போட்டு அரிவாள் அடிக்கும் வடநாட்டுக் கொல்லர் குடும்பங்களிடம் சைக்கிள் சக்கரத்தில் வார் போட்டுச் சுற்றும் ப்ளோயரைப் பார்த்திருக்கலாம். அதுவும் நல்ல ஏற்பாடு. ஆனால் சுற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும்.

10. எவ்வளவு காற்று சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மீட்டர் எதுவும் வேண்டாம். முதலில் காது. சரியான காற்றில் உலை மெல்ல உறுமும். சீறினால் அதிகம். அடுத்து பொறி. கரி பற்றும்போது சில பொறிகள் எழுவது இயல்பு. விடாமல் பொறி மேலே பறந்துகொண்டே இருந்தாலோ, கரித்துண்டுகள் குதித்தாலோ காற்றைக் குறையுங்கள். மேலே சின்னதாக நீலச் சுடர் ஆடினால் நல்ல அறிகுறி. உள்ளே உயிர்வளி (ஆக்சிஜன்) எல்லாம் தீர்ந்து, மிஞ்சிய வாயு மேலே வந்து எரிகிறது என்று பொருள்.

பிறகு இரும்பையே கேளுங்கள். வெளியே எடுத்ததும் வழவழப்பாக, ஈரம் பூசியது போல மினுங்கினால் காற்று சரி. எடுக்கும்போதே மேலே தடித்த செதில் (சூட்டில் உயிர்வளி பட்டு இரும்பின் மேல் படியும் கறுப்புப் பொருக்கு) இருந்தால் காற்று மிகை. வெளியே எடுத்த பிறகு வெளிக்காற்று பட்டுச் செதில் வருவது வேறு, அதைத் தவிர்க்க முடியாது.

11. நல்லாத்தான் சூடாச்சு, ஆனா முனை மத்தாப்பு மாதிரி பொறி விட்டுக் கரைஞ்சு போச்சு. ஏன்?

இரும்பு எரிந்துவிட்டது. காற்று வாயை விட்டு வெளியே வந்ததும் முதல் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு அதில் உயிர்வளி மிச்சம் இருக்கும். அந்த இடம்தான் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும், புதியவர்கள் இரும்பை அங்கேயே குத்தி வைப்பார்கள். அதைத் தாண்டி வரும் காற்றில் உயிர்வளி கரியோடு சேர்ந்து தீர்ந்துபோய், கார்பன் மோனாக்சைடாக மாறியிருக்கும். அங்கே இரும்பு சூடாகும், எரியாது.

ஆகவே வாய்க்கும் இரும்புக்கும் நடுவில் நான்கைந்து அங்குலக் கரி இருக்க வேண்டும், இரும்புக்கு மேலேயும் இரண்டு அங்குலம் மூடியிருக்க வேண்டும். இரும்பைக் கீழே சாய்த்துக் குத்தாமல் படுக்கையாக வையுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற கரிச்சத்து கூடிய எஃகு இன்னும் சீக்கிரம் எரியும். அதை ஆரஞ்சு நிறத்தோடு எடுத்துவிடுங்கள், வெளிறிய மஞ்சள் வரை விடாதீர்கள். ஒருமுறை பொறி விட்ட பகுதியைக் காப்பாற்ற வழி இல்லை. வெட்டி எறிய வேண்டியதுதான்.

12. அரை மணி நேரம் நல்லா எரியுது, அப்புறம் சூடே ஏற மாட்டேங்குது. ப்ளோயர் பத்தலையா?

ப்ளோயரைக் குறை சொல்லும் முன்பு வழியைப் பாருங்கள். வாயில் சாம்பலும் மண்ணும் உருகிக் கட்டி பிடித்திருக்கலாம். ஒரு கொக்கியால் கிளறினால் பளபளவென்று ஒட்டும் கட்டியாக வரும். அணைத்து ஆறியபின் எடுப்பது இன்னும் எளிது.

இன்னொரு காரணம் கரித்தூள். மூட்டையின் அடியில் கிடக்கும் தூளை வீணாக்க மனம் வராமல் கொட்டிவிடுவோம், அது இடுக்குகளை அடைத்துவிடும். கரித்துண்டு எலுமிச்சை அளவில் இருந்தால் காற்று நன்றாக ஊடுருவும். தூளைச் சலித்து ஒதுக்குங்கள்.

13. நிலக்கரி, கோக், சிரட்டைக் கரி போட்டா காற்று மாத்தணுமா?

ஆமாம். கோக் என்பது நிலக்கரியைச் சுட்டுப் புகையை நீக்கி எடுக்கும் கரி. அதற்கு அதிகக் காற்று வேண்டும், அதுவும் நிற்காமல். நிறுத்தினால் சீக்கிரம் அணைந்துவிடும், கையால் ஊதுகிறவர்களுக்கு ஒத்துவராது. நிலக்கரியில் முதலில் மஞ்சள் புகை வரும், அது தீரும் வரை காற்று மிதமாக. சிரட்டைக் கரி நல்ல சூடு தரும், ஆனால் வளைந்த சில்லுகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து காற்றை மறைக்கும். உடைத்துப் போடுங்கள்.

14. கம்ப்ரஸர் இருக்கு, அதுல இருந்து கொடுக்கலாமா? இல்ல இதே ப்ளோயரை காஸ் உலைக்கு?

இரண்டும் வேண்டாம். கம்ப்ரஸர் தருவது அழுத்தம் கூடிய மெல்லிய பீச்சல். ஒரே இடத்தைக் குத்தி, கரியைச் சிதறடிக்கும். காஸ் உலையில் கரண்ட் போய் ப்ளோயர் நின்றால் காஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதற்குத் தானாக மூடும் வால்வு உட்படத் தனி ஏற்பாடு தேவை.

15. சுத்தியல் அடிக்கும்போது காற்றை நிறுத்தணுமா? ஒரு தடவை நிறுத்திட்டுப் போட்டப்ப குழாய்க்குள்ள டப்புன்னு வெடிச்சுது.

குறைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு இல்லாத உலையில் கரி மட்டும் எரிந்து தீரும். காலால் மிதித்தால் மட்டும் ஓடும் சுவிட்ச் வைத்தால் கரி நிறைய மிச்சமாகும்.

அந்த வெடிப்புக்குக் காரணம், காற்று நின்றதும் உலையில் உண்டாகும் எரிவாயு குழாய்க்குள் திரும்பி வந்து தங்குவது. மறுபடி காற்று போட்டதும் அது கலந்து தீப்பிடிக்கிறது. நிலக்கரியில் இது அதிகம், கட்டைக் கரியிலும் நடக்கும். நிறுத்தும்போது 5-ஆவது பதிலில் சொன்ன டீயின் பக்கவாயைத் திறந்துவிடுங்கள், வாயு வெளியே போய்விடும். அல்லது முழுதாக நிறுத்தாமல் மெல்லிய காற்று போய்க்கொண்டே இருக்கட்டும்.

16. மழைக்காலத்துல ஷெட்டுக்குள்ள வெச்சுக்கலாமா?

கூரை இருக்கலாம், சுற்றிலும் சுவர் கூடாது. குறைந்தது இரண்டு பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். 11-இல் சொன்ன கார்பன் மோனாக்சைடு இரும்பைக் காப்பாற்றுகிறது, மனிதரைக் கொல்லும். அதற்கு மணம் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். காற்றை நிறுத்திய பிறகு கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்தும் அது வரும். மிச்சத் தணலை ஒரு நாளும் வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள்.

17. ஒன்றரை அடி அரிவாளைத் துவைச்சல் போடணும். நடுவுல மட்டும் பழுக்குது, ரெண்டு முனையும் கறுப்பா நிக்குது.

ஒற்றை வாயில் காற்று வந்தால் சூடு ஒரு பந்தளவு இடத்தில்தான் இருக்கும். தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி இறுக்கும் முன்பு அலகு முழுதும் ஒரே நிறத்துக்கு வர வேண்டும். காற்றைப் பாதியாகக் குறையுங்கள், கரியை நீளமாகப் பரப்புங்கள், அலகை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டுக் காற்றைக் கூட்டினால் அலகின் மெல்லிய கூர்ப்பக்கம் முந்திக்கொண்டு எரியும். காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதற்குச் சற்று மேலே போனதும் முக்கலாம்.

அடிக்கடி நீள அலகு செய்கிறவர்கள் ஒரு குழாயில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்னத் துளைகள் போட்டு, நீளமான குழியின் அடியில் பதித்துக்கொள்ளலாம். அதன் வழியாக மெல்லிய காற்று போதும்.

18. இரண்டு இரும்பைக் காய்ச்சி அடிச்சு ஒட்ட நெனைக்கிறேன். எவ்வளவு ஊதினாலும் ஒட்டலை. பெரிய ப்ளோயர் வாங்கணுமா?

வாங்க வேண்டாம். ஒட்டுவதற்குச் சாதாரண இரும்பு 1,250 டிகிரிக்கு மேல் போக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஊத ஊத ஒட்டும் முகத்தில் செதில் சேர்ந்துகொண்டே போகும், செதில் இருந்தால் ஒட்டாது. கரியைக் கூட்டுங்கள், காற்றைக் கூட்டாதீர்கள். வாய்க்கு மேல் ஆறு அங்குலம் வரை ஆழமாகக் கரி அடுக்கி, புதிய கரி நன்றாகப் பிடித்துக் கனலும் வரை காத்திருந்து, அதன் பிறகு இரும்பை உள்ளே விடுங்கள். ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுத்து, செதிலைக் கரைக்கும் வெண்காரம் (போராக்ஸ்) தூவி மறுபடி வையுங்கள்.

கடைசி ஒரு நிமிடம் காற்றை இன்னும் மெல்லக் குறைத்து, இரும்பைத் திருப்பிக்கொண்டே இருங்கள். உள்ளே இரும்பும் கரியும் ஒரே நிறமாகத் தெரியும், வெண்காரம் எண்ணெய் போல ஓடும். அப்போது எடுத்து முதல் அடியை மெதுவாகப் போடுங்கள். ஓங்கி அடித்தால் இரண்டும் வழுக்கி விலகும்.